நன்மையின் பெயரால் வீழ்ந்த தூதர்கள்: ஏனோக்கு முதல் டியாப்லோ வரை

சில வருடங்களுக்கு முன்னர், புலம்பெயர்ந்து வாழும் நெருங்கிய நண்பர் ஒருவரின் இல்லத்தில் இரண்டு வாரங்கள் தங்கியிருந்தேன். நண்பரின் மகனுக்குப் பதினைந்து வயது. பாடசாலை விட்டு வந்து கணினியின் முன்னால் அமர்ந்தால், இராச் சாப்பாட்டுக்குத் தாயார் மூன்று தடவைகள் அழைத்த பின்னரே எழும்புவான். ஒருநாள் மாலை அவனருகே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, திரையில் என்னதான் நடக்கிறது என்று பார்த்தேன். முகத்தை முக்காடு மறைத்திருக்க, இரு கைகளிலும் அரிவாள்களை ஏந்திய உருவமொன்று தோன்றியது. அதன் படைகள் ஒரு நகரத்து மக்களை வீதி வீதியாகக் கொன்றொழித்துக் கொண்டிருந்தன.

"இந்தப் பிசாசு யார் தம்பி?" என்று கேட்டேன்.

"பிசாசு இல்லை அங்கிள், இவர் வானதூதர். ஞானத்துக்குப் பொறுப்பாய் இருந்தவர். கெட்டது செய்ய வெளிக்கிடேல்லை. உலகத்தில கெட்டதே இருக்கக்கூடாது எண்டு வெளிக்கிட்டவர்" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

பத்திரிகை ஆசிரியபீடங்களில் பல தசாப்தங்களைக் கழித்தவன் என்ற முறையில், அந்தப் பதில் என்னை உறங்கவிடவில்லை. அரசாங்கங்களும் இயக்கங்களும் படைத் தலைமையகங்களும் விடுத்த எத்தனையோ அறிக்கைகளை வாசித்து, திருத்தி, தலைப்பிட்டு அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். மக்கள் பெருந்தொகையில் மாண்ட நாட்களில் வெளிவந்த அறிக்கைகளில் எதுவுமே, 'நாம் தீமை செய்யப் புறப்பட்டோம்' என்று ஆரம்பித்ததில்லை. சமாதானத்துக்காக, பாதுகாப்புக்காக, விடுதலைக்காக, எதிர்காலச் சந்ததிக்காக என்றே அவை ஆரம்பித்தன. பையன் விளையாடிக்கொண்டிருந்த கதையை எழுதியவர்கள் இந்த உண்மையை எங்கிருந்து பெற்றார்கள் என்பதை அறியும் ஆவலில், வீழ்ந்த தூதனின் வரலாற்றைப் பின்னோக்கித் தேடிப் போனேன். அந்தத் தேடலின் பயனே இக்கட்டுரை.

எர்மோன் மலையில் ஒரு சத்தியம்

வீழ்ந்த தூதர்களைப் பற்றி எமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய விரிவான கதை, ஏனோக்கின் பெயரால் வழங்கும் யூத நூலில் உள்ளது. அதன் மிகத் தொன்மையான பகுதிகள் கி.மு. 3 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். ஆதியாகமத்தின் 6 ஆவது அதிகாரத்தில் தேவகுமாரர்கள் மனிதகுமாரத்திகளை மணந்தார்கள் என்று சில வரிகளில் சொல்லப்படும் செய்தியை இந்த நூல் ஒரு முழுநீளக் கதையாக விரிக்கிறது.

மனிதரைக் கண்காணிக்க நியமிக்கப்பட்ட 'காவலர்கள்' எனப்படும் தூதர்களில் இருநூறு பேர் மனிதப் பெண்கள் மீது மோகங்கொண்டு எர்மோன் மலையில் இறங்குகிறார்கள். அவர்களின் தலைவனான செமிகாசாவுக்கு உள்ளூர ஓர் அச்சம். இறுதி நேரத்தில் மற்றவர்கள் பின்வாங்கிவிட்டால் பாவத்தின் முழுச் சுமையும் தன் தலையில் அல்லவா விழும் என்று தயங்குகிறான். எனவே இருநூறு பேரும் ஒருவரையொருவர் பிணைத்துச் சத்தியம் செய்துகொள்கிறார்கள். குற்றத்தைப் பங்குபோட்டுக் கொண்டால் எவருக்கும் அது கனக்காது என்ற கணக்கு, இற்றைக்கு இரண்டாயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன்னரே எழுத்தில் பதிவாகிவிட்டது.

அந்தத் தூதர்களில் ஒருவனான அசாசேல் மனிதருக்குக் கற்பித்த பாடங்களும் கவனிக்கத்தக்கவை. உலோகத்தை உருக்குவதும், வாளும் கத்தியும் கேடயமும் மார்புக்கவசமும் செய்வதும், ஆபரணங்கள் செய்வதும், கண்ணுக்கு மைதீட்டுவதும் அவற்றுள் அடங்கும். தூதர்களுக்குப் பிறந்த இராட்சதப் பிள்ளைகள் மனிதரின் விளைச்சலைத் தின்று தீர்த்துவிட்டு, இறுதியில் மனிதரையே தின்னத் தொடங்கினார்கள். ஈற்றில் அசாசேல் கைகால் கட்டப்பட்டுப் பாலைநிலத்தின் இருளுக்குள் எறியப்படுகிறான். மன்னிப்புக் கோரும் மனுவை எழுதித் தருமாறு வீழ்ந்த தூதர்கள் மனிதனாகிய ஏனோக்கிடமே வந்து இரக்கிறார்கள். ஏனோக்கு எழுதியும் கொடுக்கிறார். ஆனால் மனு நிராகரிக்கப்படுகிறது.

இந்த நூல் ஐரோப்பாவின் கண்ணிலிருந்து பல நூற்றாண்டுகள் மறைந்தே இருந்தது. புதிய ஏற்பாட்டில் யூதா எழுதிய நிருபம் இதிலிருந்து மேற்கோள் காட்டிய போதிலும், பெரும்பாலான திருச்சபைகள் இதனை வேதநூல்களின் வரிசையில் சேர்க்கவில்லை. எத்தியோப்பியத் திருச்சபை மாத்திரம் தனது கீஸ் மொழியில் முழு நூலையும் பேணிக் காத்தது. ஸ்கொட்லாந்துப் பயணி ஜேம்ஸ் புரூஸ் 1773 இல் அங்கிருந்து பிரதிகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார். 1821 இல் ரிச்சர்ட் லோரன்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளியானது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சாக்கடலோரக் கும்ரான் குகைகளில் இதன் அரமேய மொழித் துண்டுகளும் அகப்பட, 1976 இல் அவை நூலாகப் பதிப்பிக்கப்பட்டன.

ஏனோக்கின் கதையில் தீமை வெளியிலிருந்து வருகிறது. மேலுலகத்தவர் ஆயுதத்தோடும் ஆசையோடும் வந்து மனிதரைக் கெடுக்கிறார்கள். அவர்களது வீழ்ச்சிக்குக் காரணம் மோகம். அதில் உயர்ந்த இலட்சியம் எதுவும் கிடையாது.

விடிவெள்ளி சாத்தானாகிய கதை

இன்று உலகெங்கும் வீழ்ந்த தூதன் என்றதும் நினைவுக்கு வரும் பெயர் லூசிபர். இந்தப் பெயர் பிறந்த இடமோ ஓர் அரசியல் வசைப்பாடல். ஏசாயா தீர்க்கதரிசன நூலின் 14 ஆவது அதிகாரம் பாபிலோன் மன்னனின் வீழ்ச்சியை எள்ளி நகையாடுகிறது. வானத்தின் உச்சிக்கு ஏறுவேன் என்று இறுமாந்திருந்த மன்னனை, வைகறையில் ஒளிர்ந்து சூரியன் எழுந்ததும் மறைந்துபோகும் நட்சத்திரத்துக்கு எபிரேயக் கவிஞர் ஒப்பிட்டார். அதே விடிவெள்ளியைக் குறிக்கும் சொல்லே இலத்தீன் மொழியின் 'லூசிபர்'. 4 ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 5 ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்திலும் வேதாகமத்தை இலத்தீனாக்கிய ஜெரோம், அந்த இடத்தில் அச்சொல்லையே எழுதினார். பின்வந்த மேற்கத்திய வாசகர்கள் அதனை ஒருவரின் பெயராகவே படிக்கத் தொடங்கிவிட்டனர்.

நம்மவரின் தமிழ் வேதாகமத்தை விரித்துப் பார்த்தால், அந்த வசனத்தில் லூசிபர் என்ற பெயர் இல்லை. 'விடிவெள்ளி' என்றே இருக்கிறது. ஆங்கிலத்தின் பழைய மொழிபெயர்ப்பிலே பயின்றவர்கள் தவறவிட்டதைத் தமிழில் வாசித்தவர்கள் இலகுவாகக் கண்டுகொள்ளலாம்.

பாபிலோன் மன்னனுக்குச் சொன்ன வசையைச் சாத்தானின் சரித்திரமாக வாசித்தவர்களுள் முக்கியமானவர் 3 ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் ஓரிஜன். மிகாவேலும் அவனைச் சேர்ந்த தூதர்களும் வலுசர்ப்பத்தோடு வானத்தில் போர்புரிந்ததாக வெளிப்படுத்தின விசேஷத்தின் 12 ஆவது அதிகாரம் கூறும் காட்சியும் இதனோடு இணைந்தது. இவ்வாறு ஒரு மன்னனின் ஆணவம் ஒரு தூதனின் ஆணவமாக மாறியது. மோகத்தின் இடத்தைச் செருக்கு பிடித்தது.

இந்தக் கருத்துக்குத் தத்துவ வடிவம் கொடுத்தவர் புனித அகுஸ்தீனார். 410 இல் உரோமாபுரி கொத்தியர்களால் சூறையாடப்பட்ட அதிர்ச்சியின் பின்னர், 413 தொடக்கம் 426 வரை அவர் எழுதிய 'இறைவனின் நகரம்' என்ற பெருநூலில் இவ்விடயத்தை விரிவாக ஆராய்ந்தார். எல்லாத் தூதர்களும் நல்லவர்களாகவே படைக்கப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் தம்மைப் படைத்தவரை விட்டுத் தம்மையே நோக்கித் திரும்பினார்கள். அதுவே வீழ்ச்சி என்றார். அவ்வாறானால் நல்ல மனம் கெட்டதற்குக் காரணம் யாது? அதனைத் தேடுவது இருளைக் கண்ணால் காணவும் நிசப்தத்தைக் காதால் கேட்கவும் முயல்வதைப் போன்றது என்பது அவர் சொன்ன விடையின் சாரம்.

இஸ்லாமிய மரபின் இப்லீஸும் இங்கு நினைவுகூரத்தக்கவன். திருக்குர்ஆனின் 18 ஆவது அத்தியாயம் அவனை ஜின் இனத்தவன் என்கிறது. ஆதமுக்குச் சிரம்பணியுமாறு கட்டளை பிறந்தபோது, நெருப்பால் படைக்கப்பட்ட நான் மண்ணால் ஆனவனைப் பணிவதா என்று அவன் மறுக்கிறான். ஒருவன் மற்றொருவனைத் தன்னிலும் தாழ்ந்த மூலப்பொருளாலானவன் என்று கருதுவதில்தான் அவனது கெடுதி ஆரம்பமாகிறது. பிறப்பை வைத்து மனிதரை அளக்கும் சமூகங்களில் வாழ்கின்ற நமக்கு இதற்கு மேலதிக விளக்கம் தேவையில்லை.

பார்வையிழந்த கவிஞரின் சாத்தான்

வீழ்ந்த தூதனுக்கு நாவன்மையைக் கொடுத்தவர் ஆங்கிலக் கவிஞர் ஜோன் மில்டன். அவர் அரசியலைத் தூரத்தில் நின்று பார்த்தவர் அல்லர். முதலாம் சார்ள்ஸ் மன்னன் சிரச்சேதம் செய்யப்பட்ட 1649 ஆம் ஆண்டில், அந்தத் தண்டனையை நியாயப்படுத்தி எழுதினார். அதே வருடம் புதிய குடியரசின் வெளிநாட்டு மொழிகளுக்கான செயலாளராகப் பதவியேற்றார். ஒரு புரட்சி அரசாங்கத்தின் அறிக்கைகளை எழுதுவதே அவரது உத்தியோகம் எனலாம். 1652 அளவில் முற்றாகப் பார்வையிழந்தார். 1660 இல் முடியாட்சி மீண்டதும் அவருடைய நூல்கள் பகிரங்கமாக எரிக்கப்பட்டன. அவரும் சிறிது காலம் சிறையிலிருந்தார். அதன் பின்னர், பிறருக்குச் சொல்லச் சொல்ல எழுதுவித்து முடித்த 'இழந்த சொர்க்கம்' காவியம் 1667 இல் வெளிவந்தது. ஒப்பந்தத்தின்போது பதிப்பாளர் அவருக்குக் கொடுத்த முற்பணம் ஐந்து பவுண்கள் மாத்திரமே.

மில்டனின் சாத்தான் தோல்வியுற்ற ஒரு படைத் தலைவன். அவனது பேச்சில் மயங்கித் தூதர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அவன் பின்னால் போனார்கள். அந்தப் பெருங்கூட்டத்தின் நடுவே எழுந்து நின்று 'இது தவறு' என்று சொன்னவன் அப்தியேல் என்ற ஒரேயொரு தூதன். நரகத்தின் தலைநகருக்குப் 'பண்டமோனியம்' என்ற பெயரை உருவாக்கியவரும் மில்டனே.

நான்காம் காண்டத்தில் வரும் ஒரு காட்சியே எமது விடயத்துக்கு மிக முக்கியமானது. ஏதேன் தோட்டத்தில் ஆதாமையும் ஏவாளையும் முதன்முதலாகக் காணும் சாத்தானின் உள்ளம் இளகுகிறது. இவர்களுக்குத் தீங்கு செய்ய எனக்கு மனமில்லை. ஆயினும் பொதுக் காரியமும் எனது பேரரசின் நலனும் என்னைக் கட்டாயப்படுத்துகின்றன என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். அவ்விடத்தில் கவிஞர் குறுக்கிட்டு, தவிர்க்க முடியாமை என்பது கொடுங்கோலர்கள் வழமையாகச் சொல்லும் சாட்டு என்று குத்திக்காட்டுகிறார். ஓர் அரசாங்கத்தின் அறிக்கைகளைத் தம் கையாலேயே எழுதிய ஒருவருக்கு அந்த வாசகத்தின் உட்பொருள் தெரிந்திருந்ததில் வியப்பில்லை.

எனினும் மில்டனின் சாத்தானுக்கு அது ஒரு சாட்டு மட்டுமே. அவனுடைய மெய்யான நோக்கம் பழிவாங்கல் என்பது அவனுக்கும் தெரியும், வாசகருக்கும் தெரியும். அந்தச் சாட்டையே மனதார நம்பி வீழ்கின்ற தூதன் வருவதற்கு மேலும் மூன்று நூற்றாண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

மேசையிலிருந்து திரைக்கு

1974 இல் அமெரிக்காவில் கேரி கைகெக்ஸும் டேவ் ஆர்னெசனும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். மேசையைச் சுற்றியிருந்து தாயக்கட்டை உருட்டிக் கதை சொல்லும் விளையாட்டு இது. வேதாகமத்திலிருந்தும் பழங்கதைகளிலிருந்தும் எடுத்த பிசாசுகளும் நரகங்களும் அதில் இலக்கமிட்டு அட்டவணைப்படுத்தப்பட்டன. 1980 களில், பிள்ளைகளைச் சாத்தான் வழிபாட்டுக்கு இட்டுச் செல்கிறது என்று அமெரிக்கப் பெற்றோர் சிலர் இதற்கெதிராகப் பெரும் கூக்குரல் எழுப்பினார்கள். 1989 இல் வெளியான இரண்டாம் பதிப்பு வரிசையில், பிசாசு என்ற நேரடிச் சொற்களைத் தவிர்த்துப் புதிதாக உருவாக்கிய பெயர்களை இட்டு நிறுவனம் சமாளித்துக்கொண்டது. கூக்குரலிட்டோர் பெயர்களையே பார்த்தார்கள். கதைகள் என்ன சொல்கின்றன என்று பார்த்தோர் குறைவு.

அந்த மேசை விளையாட்டின் வழிவந்த கணினி விளையாட்டுகளுள் ஒன்றே 'டியாப்லோ'. ஸ்பானிய மொழியில் இச்சொல்லுக்குப் பிசாசு என்று பொருள். இதனை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான டேவிட் பிரெவிக், கலிபோர்னியாவில் தாம் வளர்ந்த இடத்துக்கருகே இருந்த டியாப்லோ மலையின் பெயரையே தமது விளையாட்டுக்கு இட்டார். முதற்பாகம் 1996 ஆம் ஆண்டு முடிந்து 1997 பிறந்த நாட்களில் கடைகளுக்கு வந்தது. இரண்டாம் பாகம் 2000 இலும், மூன்றாவது 2012 இலும், நான்காவது 2023 இலும் வெளியாயின.

இக்கதையுலகில் மேலுலகும் நரகமும் முடிவற்ற போரில் ஈடுபட்டிருக்கின்றன. மேலுலகை ஐந்து அதிதூதர்கள் ஆள்கிறார்கள். வீரத்துக்கு இம்பீரியஸ், நீதிக்கு டைரியேல், நம்பிக்கைக்கு ஓரியேல், விதிக்கு இதேரியேல், ஞானத்துக்கு மல்தேல். இரண்டாம் பாகத்தில் நரகத்தின் வாயிலில் அமைந்த கோட்டையின் பெயர் பண்டமோனியம். மனித இனத்தின் மூதாதையருக்கு நெபலெம் என்று பெயர். ஆதியாகமத்தில் வரும் நெப்பிலிம் என்ற சொல்லின் திரிபு இது. ஏனோக்கும் மில்டனும் கலிபோர்னிய இளைஞர்களின் கையில் இவ்வாறு ஒன்றுசேர்ந்தார்கள்.

2011 இல் வெளிவந்த 'எல் ஷடாய்' என்ற ஜப்பானிய விளையாட்டோ ஏனோக்கையே கதாநாயகனாக்கியது. அதில் அசாசேலும் வருகிறான். கைத்தொலைபேசியில் பேசும் லூசிபெல் என்ற தூதனும் வருகிறான்.

டியாப்லோவின் வீழ்ந்தவர்கள்

முதற்பாகத்தின் முடிவு அக்காலத்து விளையாட்டுகளில் அரிதாகக் காணப்பட்ட ஒன்று. ஆட்டக்காரர் பல மணிநேரம் போராடித் தேவாலயத்தின் அடியிலுள்ள நரகக் குகையில் டியாப்லோவைக் கொல்கிறார். வெற்றி முழக்கம் எழவேண்டிய வேளையில், வீரன் அந்தப் பிசாசின் ஆவி அடைபட்ட ஆன்மக் கல்லை எடுத்துத் தனது நெற்றியிலேயே குத்திக்கொள்கிறான். தீமையைத் தன்னுள் சிறைவைத்து உலகைக் காப்பேன் என்பது அவன் எண்ணம். இரண்டாம் பாகத்தில் அவனே இருண்ட நாடோடியாக ஊர் ஊராக அலைந்து, போகுமிடமெல்லாம் நாசத்தை விதைக்கிறான். ஆட்டக்காரர் முன்பு எந்த வீரனாக நின்று போரிட்டாரோ, அதே வீரனை வேட்டையாடிக் கொல்ல வேண்டியதாகிறது.

அதே பாகத்தில் 'வீழ்ந்த தூதன்' என்ற பெயரிலேயே ஒரு பணி உண்டு. நரகத்தில் சிறைப்பட்டுப் பிசாசின் உடலுக்குள் அடைக்கப்பட்ட இசுவேல் என்ற தூதனை விடுவிக்குமாறு அவனது பழைய தோழனான டைரியேல் வேண்டுகிறான். ஆட்டக்காரர் இரக்கத்தோடு சென்று அந்த உடலை அழிக்கிறார். விடுபட்ட ஆவியோ நன்றி சொல்லவில்லை. ஆன்மக் கற்களின் இரகசியத்தையும் அவற்றைக் கெடுக்கும் வழியையும் பிசாசுகளுக்குச் சொல்லிக் கொடுத்தவனே தான் என்று அது ஒப்புக்கொள்கிறது. அதைக் கேட்டுத் திகைத்துத் திரும்பும் ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் வெகுமதி இரண்டு திறன் புள்ளிகள்.

நான்காம் பாகத்தில் மையமாக வரும் இனேரியஸ், முடிவற்ற போரில் சலிப்புற்று மேலுலகை விட்டு விலகிய தூதன். நரகத்தரசியான லிலித்துடன் சேர்ந்து சாங்சுவரி என்ற மனித உலகைப் படைக்கிறான். புகலிடம் என்பது அதன் பொருள். போரிலிருந்து தப்பியோடியவர்களின் காதலில் பிறந்த புகலிடம் அது. ஆனால் இறுதியில் இனேரியஸுக்கு வேண்டியதாக இருந்தது ஒன்றே: மேலுலகம் தன்னை மீண்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்காகத் தன் சொந்த மகன் ரத்மாவையே கொல்கிறான். தன்னை நம்பிய பக்தர்களை நரகத்துக்குள் அழைத்துச் சென்று சாகக் கொடுக்கிறான். லிலித்தை ஒழித்தால் வானம் திறக்கும் என்று நம்பியவன், அவள் கையாலேயே மடிகிறான். வானம் திறக்கவில்லை.

நண்பரின் மகன் எனக்குக் காட்டிய மல்தேலின் கதை 2014 இல் வெளிவந்த விரிவாக்கப் பகுதியில் வருகிறது. முன்னொரு காலத்தில் மனித இனத்தை அழிப்பதா விடுவதா என்று அதிதூதர்கள் வாக்கெடுப்பு நடத்தியபோது, மனிதர் வாழட்டும் என்று டைரியேல் வாக்களித்தான். ஞானத்தின் அதிபதியான மல்தேல் எந்தப் பக்கமும் வாக்களிக்கவில்லை. பின்னர் அவன் ஒரு முடிவுக்கு வந்தான். தீமை முற்றாக ஒழிய வேண்டும். தூதரின் வம்சமும் பிசாசின் வம்சமும் கலந்து பிறந்தவர்கள் மனிதர்கள். எனவே அவர்களுடைய இரத்தத்திலும் பிசாசின் அம்சம் இருக்கிறது. ஆகவே அவர்களும் அழிய வேண்டும். இந்த வாதத்தின் ஒவ்வொரு படியும் முந்திய படியிலிருந்து ஒழுங்காகவே பிறக்கிறது என்பதுதான் பயங்கரம். ஈற்றில், ஆட்டக்காரரைத் தோற்கடிப்பதற்காக, பிசாசுகளின் ஆவிகளெல்லாம் அடைபட்ட கரிய ஆன்மக் கல்லை உடைத்து அந்தச் சக்தியைத் தானே உட்கொள்கிறான். அவன் மடிந்ததும் டியாப்லோ விடுதலையாகிறது. தீமையை ஒழிக்கப் புறப்பட்டவனே தீமையைத் திறந்துவிட்டான்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் வரும் சாரியேல் என்ற தூதியும் இவ்வகையினளே. பிசாசுகளின் போரைப் பார்த்துக்கொண்டிருக்குமாறு மாத்திரம் பணிக்கப்பட்ட அவள், பார்த்துக்கொண்டே இருப்பதைச் சகிக்காமல் படைதிரட்டி நரகத்துக்குள் பாய்ந்து, தோற்று, நரகத்தின் முதலாம் அடுக்குக்கே அதிபதியாகிறாள். 2023 இல் வெளிவந்த 'பால்டர்ஸ் கேற் 3' இல், அவளது படையில் சிக்கி இதயத்தின் இடத்தில் நரகப் பொறி பொருத்தப்பட்ட கார்லக் என்ற பெண் வருகிறாள். ஒரு பெரிய இலட்சியத்தின் விலையைச் செலுத்தியவர்கள் எப்படியிருப்பார்கள் என்பதற்கு அவளே சான்று.

ஆட்டக்காரரின் கை

தூதர்களைப் பற்றிச் சொல்லப்பட்டதை மனிதன் ஒருவன் மீது வைத்துக் காட்டியது, டியாப்லோவை வெளியிட்ட பிளிஸ்ஸார்ட் நிறுவனமே 2002 இல் வெளியிட்ட 'வார்கிராப்ட் 3'. ஆர்தஸ் என்ற இளவரசன் மக்களை நேசிப்பவன்; அறத்தின் பெயரால் ஆயுதமேந்திய வீரன். ஸ்ட்ரத்தோம் என்ற நகருக்கு வந்து சேர்ந்த தானியத்தில் கொள்ளைநோய் கலந்திருக்கிறது. அதை உண்டவர்கள் இறந்து, எதிரிக்கு ஏவல் செய்யும் பிணங்களாக எழும்பப் போகிறார்கள். அதற்கு முன்னரே நகர மக்கள் எல்லோரையும் கொன்றுவிட வேண்டும் என்று அவன் தீர்மானிக்கிறான். அவனது குருவான ஊதர் மறுத்து விலகுகிறார். அவன் நேசித்த ஜெய்னாவும் விலகிப் போகிறாள். மில்டனின் அப்தியேல் இங்கே இருவராகிவிட்டார்.

ஆனால் விளையாடுபவர் விலக முடியாது. கதை தொடர வேண்டுமானால் அவரே வீடுகளை உடைத்து, வெளிப்படுகின்றவர்களைக் கொல்ல வேண்டும். எதிரிக்கு முன்னதாக நூறு பேர் என்பது இலக்கு. திரையின் ஓரத்தில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கிறது. சற்று நேரத்தில் விளையாடுபவர் மக்களை மறந்து எண்ணிக்கையை மாத்திரம் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். காவியத்தாலும் பிரசங்கத்தாலும் காட்ட முடியாத ஒன்றைக் கணினி விளையாட்டு இங்கே காட்டிவிடுகிறது. வீழ்ச்சியை வெளியில் நின்று பார்ப்பதற்குப் பதிலாக, அது தன் விரல் நுனியில் நிகழ்வதை ஒருவர் உணர்கிறார். இதன் பின்னர் ஆர்தஸ் தன் வீரர்கள் நாடு திரும்பாதபடி தன் கப்பல்களையே எரிப்பித்து, அந்தப் பழியைக் கூலிப்படையினர் மீது சுமத்துகிறான். சபிக்கப்பட்ட வாளை ஏற்கிறான். இறுதியில் சிம்மாசனத்தில் அமர்ந்திருந்த தந்தையை அந்த வாளாலேயே குத்திக் கொல்கிறான். ஒவ்வொரு படியிலும் அவனிடம் ஒரு நியாயம் இருந்தது.

இறங்குதலும் விழுதலும்

இந்த வரலாற்றைத் தொகுத்து நோக்கினால், மோகத்தால் வீழ்ந்த தூதன் செருக்கால் வீழ்பவனாகவும், செருக்கால் வீழ்ந்தவன் நன்மையின் மீது கொண்ட வெறியால் வீழ்பவனாகவும் மாறியிருப்பது தெளிவாகும். இருபதாம் நூற்றாண்டு, நல்ல உலகைப் படைக்கப் போவதாகச் சொன்னவர்கள் நிறுவிய கொலைக்களங்களைக் கண்ட நூற்றாண்டு. அதன் பின்னர் பிறந்த கதைசொல்லிகளுக்கு, கொம்பு முளைத்த பிசாசைக் காட்டிலும் ஞானத்தின் அதிபதி அச்சந்தருபவனாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஆயினும் டியாப்லோவின் கதையில் இன்னொருவனும் இருக்கிறான். மூன்றாம் பாகத்தில், மனிதருக்கு உதவுவதை மேலுலகம் தடுத்தபோது, நீதியின் அதிதூதனான டைரியேல் தனது சிறகுகளைத் தானே பிய்த்தெறிந்து, சாகக்கூடிய மனிதனாகப் பூமிக்கு வருகிறான். அவனும் வானத்திலிருந்து கீழே வந்தவன்தான். ஆனால் அதனை வீழ்ச்சி என்று எவரும் சொல்வதில்லை. மல்தேல் மனிதரை மேலிருந்து பார்த்தான்; அவர்கள் அவனுக்கு இரத்தத்தின் கலவையாகத் தெரிந்தார்கள். ஆர்தஸுக்கு அவர்கள் எண்ணிக்கையாகத் தெரிந்தார்கள். இனேரியஸுக்கோ வானத்தின் கதவைத் திறக்கும் கருவியாகத் தெரிந்தார்கள். டைரியேல் அவர்களோடு பசிக்கவும் காயப்படவும் சாகவும் சம்மதித்தான். தன் முடிவுகளால் சாகக்கூடியவர்களின் நடுவே தானும் நிற்பவனுக்கும், அவர்களுக்கு மேலே நின்று முடிவெடுப்பவனுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அது.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் நண்பரின் மகனிடம் கேட்டேன்: "தம்பி, அந்த ஞானத் தூதர் நல்லதுக்காகத்தானே வெளிக்கிட்டவர் எண்டு சொன்னனீர். பிறகேன் அவரோட சண்டை பிடிக்கிறீர்?"

சோற்றைப் பிசைந்தபடியே சற்று யோசித்துவிட்டுச் சொன்னான்: "அவர் அந்தச் சனத்திட்டை ஒருக்காக்கூடக் கேக்கேல்லையே, அங்கிள்."

நான் தலைப்பிட்டு அச்சுக்கு அனுப்பிய அறிக்கைகள் பலவற்றில் இல்லாமற்போன வசனம் அதுதான்.